1896 ஏதென்ஸ் 100 மீட்டர்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளி விளையாட்டு விழாவில் வினாடி வினா என்றால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: முதல் நவீன ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர் யார்? அமெரிக்காவின் தாமஸ் பர்க் என்று சொன்னால் மதிப்பெண். ஆனால் பிழை கேள்வியிலேயே இருக்கிறது. 1896இல் ஏதென்ஸில் யார் கழுத்திலும் தங்கம் ஏறவில்லை. முதலில் வந்தவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும் கிடைத்தன. இரண்டாவதாக வந்தவருக்கு வெண்கலப் பதக்கம். மூன்றாம் இடத்துக்குப் பரிசே கிடையாது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில்தான் தொடங்கியது. பழைய முடிவுகளையும் அதே கணக்கில் பின்னாளில் அடுக்கிவைத்ததால்தான் இன்றைய பட்டியல்களில் பர்க்கின் பெயருக்கு நேரே தங்கம் இருக்கிறது. 'முதலிடம் பெற்றார்' என்று எழுதிவிட்டால் சிக்கலே இல்லை.

அதே பர்க்கை 'முதல் நவீன ஒலிம்பிக் சாம்பியன்' என்று எழுதுபவர்களும் உண்டு. அந்தப் பெருமை மும்முறை தாண்டுதலில் வென்ற ஜேம்ஸ் கானலிக்கு உரியது. தொடக்க நாளான ஏப்ரல் 6 அன்றே அவர் வென்றுவிட்டார். அன்று 100 மீட்டரில் தகுதிச் சுற்றுகள் மட்டுமே நடந்தன. மூன்று சுற்றுகளில் முதலாவதை வென்றவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஃபிரான்சிஸ் லேன். நவீன ஒலிம்பிக்கின் முதல் ஓட்டத்தில் ஜெயித்தவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பாவம், அவரை யாரும் நினைப்பதில்லை.

இறுதிப் போட்டி ஏப்ரல் 10. சில கிரேக்கக் குறிப்புகளில் மார்ச் 29 என்று பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று தப்பு என்று நினைக்கக் கூடாது. கிரீஸில் அப்போது ஜூலியன் நாட்காட்டி புழக்கத்தில் இருந்தது, அது 12 நாள் பின்தங்கியது. இரண்டும் ஒரே நாள்தான். ஒரு பள்ளியில் மார்ச் 29 என்று எழுதிய மாணவிக்குச் சுழியம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எங்கோ தேடிப் படித்து எழுதியிருந்தாள். இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

மிக அதிகமாகத் தப்பு நடப்பது நேரத்தில். பர்க் இறுதியில் ஓடியது 12.0 விநாடி. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 12.2. இதைப் பார்த்ததும் 'அந்தக் காலத்தில் உலகின் வேகமான மனிதனே 12 விநாடி எடுத்துக்கொண்டான்' என்று எழுதிவிடுகிறார்கள். இதில் இரண்டு பிழைகள். தகுதிச் சுற்றில் பர்க்கே 11.8இல் ஓடியிருந்தார். ஆகவே அந்தப் போட்டியின் சிறந்த நேரம் 12.0 இல்லை. அடுத்து, அவர் உலகின் வேகமான ஆளும் இல்லை. அமெரிக்காவின் ஜான் ஓவன் 1890லேயே 100 கெஜத்தை, அதாவது 91.44 மீட்டரை, 9.8 விநாடியில் ஓடிவிட்டார். 1895இல் பெர்னி வெஃபர்ஸும் அதே நேரத்தைத் தொட்டார். வெஃபர்ஸ் ஏதென்ஸுக்கு வரவே இல்லை. பர்க் அடிப்படையில் கால் மைல்காரர், 440 கெஜத்தில் அமெரிக்க சாம்பியன். ஏதென்ஸில் 400 மீட்டரையும் அவர்தான் வென்றார். 100 மீட்டர் அவருக்குக் கூடுதல் வரவு.

வேகம் குறைந்ததற்கு அரங்கின் கூர்மையான வளைவுகளைக் காரணம் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. போட்டி நடந்த பனத்தினைக்கோ அரங்கம் ஹேர்பின் வடிவம், வளைவுகள் உண்மையிலேயே மோசம்தான். 400 மீட்டர் ஓடியவர்கள் அதில் திணறினார்கள். ஆனால் 100 மீட்டர் நேர்க்கோட்டு ஓட்டம், அதில் வளைவு எங்கே வந்தது? புதிதாகப் போட்ட சாம்பல் தளம் இறுகாமல் இருந்தது என்று சொன்னால் பொருந்தும்.

'உலக சாதனை' என்ற சொல்லையும் இங்கே தவிர்த்துவிடலாம். சாதனைகளைச் சரிபார்த்து ஏற்கும் சர்வதேச தடகளச் சம்மேளனம் 1912இல்தான் உருவானது. 100 மீட்டரில் அது முதலில் ஏற்றது டொனால்ட் லிப்பின்காட் அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஓடிய 10.6.

அப்புறம் அந்தப் புகைப்படம். புறப்படும் கோட்டில் வீரர்கள் நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் நிலையும் ஒவ்வொரு விதம். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது ஆள் மட்டும் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குனிந்திருக்கிறார். அவர்தான் பர்க். மற்றவர்கள் நின்றபடியே முன்னால் சாய்ந்திருக்கிறார்கள். இதை வைத்துக் குனிந்து புறப்படும் முறையைக் கண்டுபிடித்தவரே பர்க் என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் அது முன்பே பழகிப்போன முறை. ஏதென்ஸ் கூட்டத்துக்குத்தான் புதுசு. அவர் காலுக்குப் பின்னால் ஸ்டார்ட்டிங் பிளாக் இருந்ததாகக் கற்பனை செய்ய வேண்டாம். அது வர இன்னும் முப்பது வருடம் இருந்தது.

கடைசியாக ஆள் கணக்கு. 100 மீட்டர் இறுதிக்குத் தகுதி பெற்றவர்கள் ஆறு பேர், ஓடியவர்கள் ஐந்து பேர். பட்டியலில் ஒருவர் விடுபட்டதாக நினைத்து ஆறாம் இடத்துக்குப் பெயர் தேடாதீர்கள். தாமஸ் கர்ட்டிஸ் தகுதி பெற்றும் இறுதியில் ஓடவில்லை. அன்றே 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதியும் இருந்தது, அதற்காகக் கால்களைச் சேமித்துக்கொண்டார். மூன்றாம் இடத்தில் இரண்டு பெயர்கள் இருப்பதும் அச்சுப்பிழை இல்லை. லேனும் ஹங்கேரியின் அலயோஷ் சொகோயியும் 12.6இல் சமமாக வந்தவர்கள். கர்ட்டிஸ் போட்ட கணக்கும் வீண்போகவில்லை. தடை ஓட்டத்தில் மற்றவர்கள் விலகிக்கொள்ள, கோட்டில் நின்றது இரண்டே பேர். 17.6 விநாடியில் அவர் ஜெயித்தார்.