புதுக் கன்வெர்ட்டர் மூன்றே மாதத்தில் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தம்பி கூப்பிட்டான். ஷெட்டில் கார், பக்கத்தில் புதுக் கன்வெர்ட்டர் (என்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) பெட்டி. "அண்ணே, பழசு அடைச்சிருச்சு. கழட்ட ஒரு கை குடுங்க." எதனால் அடைத்தது என்று கேட்டேன். முழித்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதே முழிதான் முழித்தேன்.

சூடு ஆறிய பிறகு கை வை, கண்ணாடி போட்டுக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். கன்வெர்ட்டர் மாற்றும்போது நடக்கும் மற்றத் தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எது கெடுத்தது என்று பார்க்காமல் புதுசு மாட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். என் பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் பிக்கப் செத்துப்போய், கன்வெர்ட்டர் அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தேன். 22,000 ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கி, ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுத்து மாட்டினேன். வண்டி பறந்தது. மூன்றாவது மாதம் மறுபடியும் பழைய கதை. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், தேன்கூடு மாதிரி இருக்க வேண்டிய பீங்கான் உருகி, வெல்லப்பாகு இறுகின மாதிரி மூடிக் கிடக்கிறது.

காரணம் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில். சூடேறி, பாரம் இழுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்திருக்கிறது. பிளக் பொறி விடாத ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போகும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் ஏற்கெனவே பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. என்ஜினில் எரிய வேண்டியது அங்கே எரிந்தால் பீங்கான் தாங்குமா? காயிலின் விலை கன்வெர்ட்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இத்தனைக்கும் வண்டி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. ஏற்காடு மலை ஏறும்போது செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. வயர் லூஸாக இருக்கும் என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருந்தால்தான் அது மின்னும்.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் பழுதுக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பி0420 மட்டும் வந்தால் கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம், அடைப்பு என்று அல்ல. கூடவே பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று கடைசி எண்ணே சொல்லிவிடும். அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டர் பூச்சின் மேல் படிந்து அதை வேலை செய்ய விடாது. கூலன்ட் அடிக்கடி குறைந்தால் அதையும் முதலில் தீருங்கள்.

அளக்காமல் கழற்றுவது

கன்வெர்ட்டருக்கு முன்னால், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் சுமார் 1.5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்புதான். வண்டியை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சைலன்சரைத் தட்டிப் பார்க்காமல் விடுவது

பீங்கான் உடைந்தால் துண்டுகள் பின்னால் ஓடி சைலன்சரில் போய் அடைக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கலகலவென்றால் குழாயையும் சைலன்சரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கன்வெர்ட்டர் மாட்டியும் பிக்கப் வராது.

துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டுவது

முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். என்ஜினிலிருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்டில் ஸ்டட் (நட்டு மாட்டும் மரைக் கம்பி) முறிந்தால் அடுத்து லேத் பட்டறைதான்.

ஒரு போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவது

எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் பிடிக்க வையுங்கள். ரப்பர் ஹேங்கர்கள் நேராகத் தொங்குகின்றனவா, குழாய் எங்கும் இடிக்கவில்லையா என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னால் முடுக்கிக்கொண்டு வாருங்கள். இணைப்பில் கசியாமல் இருக்கப் போடும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்ல, என்ஜின் கூடுதலாக ஊற்றும். அது எங்கே போய் முடியும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சென்சாருக்குப் பக்கத்தில் சிலிகான் பேஸ்ட்

அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

அம்புக்குறி

கன்வெர்ட்டர் மேல் இருக்கும் அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

செங்கல், ஹாலோ பிளாக்

வேண்டாம். வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

உள்ளே இருப்பதை உடைத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டுவது

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. இந்தக் குறுக்குவழி யோசனைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். சட்டப்படி தப்பு, புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள், பின்பக்க சென்சாரும் விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

தம்பியின் வண்டியில் கேஜ் 7 பிஎஸ்ஐ காட்டியது. அடைப்பு உண்மைதான். ஆனால் இரண்டாவது பிளக் பெட்ரோலில் நனைந்து வந்தது. புது இக்னிஷன் காயிலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான். அது வரும்வரை கன்வெர்ட்டர் பெட்டி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அவன் வீட்டில் வைத்தால் பொறுமையில்லாமல் மாட்டிவிடுவான்.