சோனிக் அருவி ஏன் கோடுகளாகத் தெரிகிறது? புது டிவியில் சி.ஆர்.டி. தோற்றத்தைக் கொண்டுவரும் செய்முறை

1991-இல் வந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ விளையாட்டின் முதல் பகுதியிலேயே அருவி வரும். இன்றைய டிவியில் பார்த்தால் அது அருவியாகத் தெரியாது. சீப்பை நட்டு வைத்ததுபோல் நெட்டுக்கோடுகள் நிற்கும்; ஒரு கோட்டில் தண்ணீர், அடுத்த கோட்டில் பின்னணி, மறுபடியும் தண்ணீர். வரைந்தவருக்கு வரையத் தெரியாமல் இல்லை. அந்த விளையாட்டு ஓடிய மெகா டிரைவ் கருவியில் இரண்டு நிறங்களைப் பாதிக்குப் பாதி கலந்து காட்டும் வசதி கிடையாது. அதனால் கோடுகளாக வரைந்துவிட்டு, கலக்கும் வேலையை மஞ்சள் முனை கொண்ட வீடியோ கேபிளிடமும் பிக்சர் டியூப் (சி.ஆர்.டி.) டிவியிடமும் ஒப்படைத்தார்கள். அங்கே கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து, பின்னணி மங்கலாகத் தெரியும் நீர்த்திரை ஆகிவிடும்.

கூர்மையான ஓரம் கொண்ட சதுரப் புள்ளிகளாகத் தெரிவதே அசல் படம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அது பாதி சமைத்த படம். மீதியைச் சமைத்தது பழைய டிவி. அந்த மீதியை இன்றைய டிவியில் எப்படிச் சேர்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம், முதல் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு ‘நன்றாக வரவில்லை’ என்று கைவிடுகிறார்கள்.

தேவையானவை

ஒரு கணினி, அதை டிவியுடன் இணைக்க ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், பழைய விளையாட்டுக் கருவிகளைக் கணினியில் போலச்செய்யும், இலவசமாகக் கிடைக்கும் ரெட்ரோஆர்க் மென்பொருள், உங்களுக்குச் சொந்தமான விளையாட்டுகளின் கோப்புகள். 4கே டிவியாக இருந்தால் நல்லது. இதற்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. பழைய விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் 224 அல்லது 240 வரிகளில் படம் தந்தன. 4கே டிவியில் 2160 வரிகள் உள்ளன. 240-ஆல் வகுத்தால் மீதியின்றி 9 வருகிறது. ஒரு பழைய வரிக்கு ஒன்பது புது வரிகள் என்றால், அதன் நடுவைப் பிரகாசமாகவும் விளிம்பை மங்கலாகவும் தீட்ட இடம் இருக்கிறது. 1080 வரி டிவியில் நாலரைதான் கிடைக்கும். அதிலும் செய்யலாம், கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

படி 1: டிவியின் ‘உதவிகளை’ நிறுத்துங்கள்

மென்பொருளைத் தொடும் முன் டிவியின் அமைப்புகளுக்குப் போங்கள். கேம் மோடை இயக்குங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சலைக் குறைக்கும் வசதி, படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு ஷார்ப்னெஸ். பல டிவிகளில் இதன் நடுநிலை பூஜ்ஜியம். சிலவற்றில் அளவுகோலின் நடுவில் இருக்கும். கறுப்பு எழுத்து ஒன்றைத் திரையில் வைத்து, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். அது மறையும்வரை குறையுங்கள்.

இன்னும் ஒன்று, இது என் ஒரு மாலைப்பொழுதையே விழுங்கியது. ஐந்தாம் படியில் வரும் மாஸ்க் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் சேறாகவே கிடந்தன. ஷேடரை (படத்துக்குப் பழைய டிவித் தோற்றம் தரும் சிறு நிரலை) எழுதியவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தவறு என்னுடையது: கணினி செருகியிருந்த ஹெச்.டி.எம்.ஐ. நுழைவை டிவியில் ‘பி.சி.’ என்று குறிக்காமல் விட்டிருந்தேன். பல டிவிகள் சாதாரண நுழைவில் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி காட்டினாலும், நிறத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பொதுவாக்கிவிடும். திரைப்படம் பார்க்கும்போது இது தெரியாது. ஒரு புள்ளி அகலத்தில் நிறக்கோடு தீட்டும் நம் வேலையையோ அடியோடு கெடுத்துவிடும். நுழைவை ‘பி.சி.’ என்று குறித்துவிட்டு, கணினியின் திரை அமைப்பிலும், நிறத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பும் 4:4:4 அல்லது முழு ஆர்.ஜி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். கணினி அனுப்பும் ரெசல்யூஷன் டிவியின் சொந்த ரெசல்யூஷனாகவே இருக்கட்டும்.

படி 2: ரெட்ரோஆர்க்கைத் தயார்செய்தல்

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிரைவர்ஸ்’ சென்று வீடியோ டிரைவரை ‘வல்கன்’ ஆக்கி, மென்பொருளை மூடித் திறங்கள். பிறகு ‘ஆன்லைன் அப்டேட்டர்’ வழியாக ‘ஸ்லாங் ஷேடர்ஸ்’ தொகுப்பை இறக்குங்கள். டிரைவரை மாற்றாமல் விட்டால் இறக்கிய ஷேடர்கள் பட்டியலில் தலைகாட்டாமல் போகலாம். ‘பைலினியர் ஃபில்ட்டரிங்’ இயங்கினால் அதையும் நிறுத்துங்கள். அது படத்தை வெறுமனே மழுங்கடிக்கும்.

படி 3: படத்தின் வடிவம்

படம் திரை முழுவதையும் நிறைக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். இந்த விளையாட்டுகள் 4:3 திரைக்கானவை. 16:9-க்கு இழுத்தால் மாரியோ திடீரென்று எடை போட்டுவிடுவார். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும்.

சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலான விளையாட்டுகளில் 256-க்கு 224 புள்ளிகளைத் தருகிறது. புள்ளிகளைச் சதுரமாகவே காட்டினால் படம் ஒடுங்கிவிடும். பழைய டிவி அதைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டியது. எனவே ‘வீடியோ’, ‘ஸ்கேலிங்’ வழியாக விகிதத்தை 4:3 என்று வையுங்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில விளையாட்டுகளில் ஓவியர்கள் இந்த விரிப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. அங்கே நிலா அந்தக் காலத்திலேயே முட்டை வடிவில்தான் இருந்தது. அதைத் திருத்தப் போக வேண்டாம்.

அடுத்து ‘இன்டிஜர் ஸ்கேல்’. உயரத்தை முழு எண்ணால் மட்டுமே பெருக்கச் சொல்லும் வசதி இது. இல்லாவிட்டால் ஒரு வரி நான்கு புள்ளி தடிமனிலும் அடுத்தது ஐந்திலும் வரும். திரை நகரும்போது கோடுகள் அலையடிக்கும். 1080 வரி டிவியில் 224 வரிப் படத்தை நான்கு மடங்காக்கினால் 896 வரி. மேலும் கீழும் வெற்றிடம். ஐந்து மடங்காக்கினால் 1120. மொத்தம் 40 வரி வெளியே போகும், அதாவது அசல் படத்தில் மேலும் கீழும் நான்கு நான்கு வரிகள். நான் ஐந்து மடங்கைத்தான் விரும்புகிறேன். பழைய டிவிகளின் சட்டம் அந்த அளவுக்கு ஓரத்தை எப்படியும் மறைத்தது.

படி 4: வரிகள்

இப்போது விளையாட்டைத் தொடங்கி, ‘குயிக் மெனு’வில் ‘ஷேடர்ஸ்’ சென்று, ‘லோட் பிரீசெட்’ வழியாக ‘சிஆர்டி’ கோப்புறையில் உள்ள ‘சிஆர்டி-ஜியோம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை உருண்டு, மூலைகள் வளைந்து, கோடுகள் விழும். முதலில் பார்ப்பவர் வாய்பிளப்பார். உடனே ‘ஷேடர் பாராமீட்டர்ஸ்’ பகுதிக்குப் போய் ‘கர்வேச்சர்’ என்பதை 0 ஆக்குங்கள். வளைவு கண்ணைக் கவர்வது பத்து நிமிடம்தான். தட்டையான திரையில் வளைவைத் தீட்டும்போது முழு எண் கணக்கு குலைந்து, ஓரங்களில் கோடுகள் நெளியத் தொடங்கும். பழக்கம் வந்தபின் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அளவைச் சரியாக வைக்க முடியும். அக்கால டிவி ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் வரைந்து முழுப் படத்தைக் கோத்தது. விளையாட்டுக் கருவிகள் ஒரு தந்திரம் செய்தன: ஒவ்வொரு முறையும் ஒரே தொகுதி வரிகளையே, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, திரும்பத் திரும்ப வரையச் செய்தன. இடையில் இருக்க வேண்டிய வரிகளுக்கு மின்கற்றை போகவே இல்லை. அந்த வெற்றிடம்தான் ஸ்கேன்லைன் என்று நாம் அழைக்கும் இருண்ட கோடு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. வெளிச்சம் கூடக் கூட மின்கற்றை தடிக்கும். வெள்ளை மேகத்தின் மீது பார்த்தால் இருண்ட இடைவெளி ஏறக்குறைய மூடிப்போயிருக்கும். குகையின் கருநீலச் சுவரில் பார்த்தால் மெல்லிய ஒளிக்கம்பிகளாகப் பிரிந்து நிற்கும். படத்தின் மேல் கறுப்புக் கோடுகளை ஒரே சீராகப் போட்டுத்தரும் மலிவான வடிகட்டிகள் இந்த இடத்தில்தான் குட்டுப்படுகின்றன. ஜன்னல் கம்பி வழியே விளையாடுவதுபோல் இருக்கும். ‘சிஆர்டி-ஜியோம்’ இதைச் சரியாகச் செய்கிறது. ‘ஸ்கேன்லைன் வெயிட்’ 0.3-இல் தொடங்கும், கூட்டினால் ஒளிவரி தடித்து இடைவெளி குறையும். மேகத்தையும் குகையையும் மாறி மாறிப் பார்த்து நிறுத்துங்கள்.

படி 5: மாஸ்க்

பழைய டிவியின் கண்ணாடிக்கு மிக அருகே போனவர்களுக்கு நினைவிருக்கும்: வெள்ளை என்று நினைத்த இடம் முழுவதும் சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள். மூன்று மின்கற்றைகளும் அவரவர் நிறத்தில் மட்டும் போய் விழும்படி, கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உலோகத் தகடு இருந்தது. அதுதான் மாஸ்க். வட்டத் துளை இட்டது ஒரு வகை. நீள்துளை இட்டது, வீட்டு டிவிகளில் அதிகம் வந்த இன்னொரு வகை. 1968-இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரான் நெட்டுக்கம்பிகளை இழுத்துக் கட்டியது.

மூன்றாம் வகைதான் புதியவர்களுக்கு எளிது, நெட்டுக்கோடுகள் மட்டும் என்பதால். ‘சிஆர்டி-ஜியோம்’ இருந்த இடத்தில் ‘சிஆர்டி-லாட்டஸ்’ ஷேடரை ஏற்றி, ‘ஷேடோ மாஸ்க்’ எண்ணை 2 ஆக்கினால் அது வந்துவிடும். 1 என்றால் வீட்டு டிவி பாணி. அதிலும் வளைவுக்கான இரண்டு எண்களையும் பூஜ்ஜியமாக்க மறக்காதீர்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கைப்பேசியின் கேமராவை டிவித் திரையை ஒட்டிக் கொண்டுபோய் வெள்ளைப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரிய வேண்டும். குழம்பியிருந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள். ஓலெட் டிவிகளில் பல, ஒரு புள்ளிக்குள் வெள்ளை உட்பட நான்கு துணுக்குகளை வைத்திருப்பதால், சில மாஸ்க் வகைகளில் நிறம் சற்று விலகும். வேறு எண்ணை முயன்று பார்ப்பதே வழி.

படி 6: போன வெளிச்சத்தை மீட்டல்

வரிகளும் மாஸ்க்கும் சேர்ந்து வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஷேடரில் பிரைட்னெஸ்ஸைத் தூக்கினால் வெள்ளை வெளிறி, மேகத்தின் விவரம் போய்விடும். டிவியின் பேக்லைட்டைக் கூட்டுங்கள். ஹெச்.டி.ஆர். வசதியுள்ள டிவியானால், ரெட்ரோஆர்க்கின் வீடியோ அமைப்பில் அதை இயக்குங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

படி 7: கேபிளையும் சேருங்கள்

இப்போது அருவிக்கு வருவோம். இதுவரை செய்ததில் அது இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. கரைத்தது டியூப் மட்டும் அல்ல, கேபிளும்தான். மெகா டிரைவ் 320 புள்ளி அகலத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக நெட்டுக்கோடு வரைந்தால், சிக்னல் ஏறத்தாழ 3.36 மெகாஹெர்ட்ஸில் ஏறி இறங்கும். அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்திய என்.டி.எஸ்.சி. முறையில் நிறத்தைச் சுமந்து வரும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் டிவிக்கு எது கோடு, எது நிறம் என்று பிரிக்கத் தெரியாது. கோடு மறையும், கூடவே மெல்லிய வானவில் சாயமும் படியும்.

ஷேடர் பட்டியலில் ‘பிரீபெண்ட்’ என்ற வசதி உண்டு. அதன்மூலம் ‘என்டிஎஸ்சி’ கோப்புறையில் உள்ள ‘என்டிஎஸ்சி-அடாப்டிவ்’ என்பதை, ஏற்கெனவே ஏற்றிய ஷேடருக்கு முன்னால் சேருங்கள். முன்னால்தான்; சிக்னல் கேபிளைக் கடந்த பிறகே டியூபை அடைந்தது. எழுத்துகள் சற்றுக் கலங்கும். அருவி தண்ணீராகும். எழுத்து அதிகம் படிக்க வேண்டிய நீண்ட கதை விளையாட்டுகளுக்கு நான் இந்தப் படியை விட்டுவிடுகிறேன்.

படி 8: சேமித்தல்

‘சேவ் பிரீசெட்’ பகுதியில் ‘கோர் பிரீசெட்’ ஆகச் சேமியுங்கள். கோர் என்பது ரெட்ரோஆர்க்கில் பழைய கருவியைப் போலச்செய்யும் பகுதி; அந்தக் கோரில் ஓடும் விளையாட்டுகளுக்கு மட்டும் இந்தத் தோற்றம் வரும். ‘குளோபல்’ என்று சேமித்தால் கேம் பாய் விளையாட்டுகளிலும் ஸ்கேன்லைன் விழும். கேம் பாய் தன் சொந்த எல்.சி.டி. திரைக்காகப் பிறந்தது. அதற்கெனத் தனி ஷேடர்கள் ‘ஹேண்ட்ஹெல்ட்’ கோப்புறையில் இருக்கின்றன.

கேட்கக்கூடிய சில

ராஸ்ப்பெரி பை போன்ற சிறிய கணினி திணறினால் ‘சிஆர்டி-பை’ அல்லது ‘இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி’ போதும். அசல் கருவியையே டிவியில் செருகுபவர்களுக்கு இந்த மென்பொருள் உதவாது. ரெட்ரோடிங்க் போன்ற இடைப்பெட்டிகள் சிக்னலைப் பெரிதாக்கி, ஸ்கேன்லைனையும் சேர்த்துத் தருகின்றன.

முடித்தபின் டிவிக்கு மூக்கை ஒட்டி நின்று கோடுகளை எண்ணாதீர்கள். விளையாடும் தூரத்தில் உட்காருங்கள். அங்கிருந்து கோடுகள் தனித்தனியாக உறுத்தினால் வரிகளின் இடைவெளியை இன்னும் சற்றுக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

பழைய ஒளித்துப்பாக்கியை மட்டும் எடுத்து வர வேண்டாம். நின்டெண்டோவின் ஜாப்பர் துப்பாக்கி, பிக்சர் டியூப் திரை எந்த வேகத்தில், எந்தக் கணத்தில் மின்னும் என்பதை நம்பி இயங்கியது. ஷேடர் படத்தை மட்டுமே மாற்றுகிறது. புது டிவி அந்தப் படத்தைக் காட்டும் நேரம் பிந்தித்தான் வரும். ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் வாத்து ஒன்றுகூட விழாது.