ஸ்கீமா எங்கே இருக்கிறது? எக்ஸ்எம்எல் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்பில் எந்தக் குறையும் இருக்காது. ஆனாலும் முதல் எலிமென்டுக்கே டிக்ளரேஷன் இல்லை என்று, கோப்பைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் கத்தும். பெரும்பாலும் அதன் கைக்கு ஸ்கீமாவே, அதாவது கோப்பில் என்னென்ன வரலாம் என்று சொல்லும் விதிக் கோப்பே, போய்ச் சேர்ந்திருக்காது. கோப்புக்குள் தேடுவதை விட்டுவிட்டு, ஸ்கீமாவைத் தேடுங்கள்.

எலிமென்டுகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் நேம்ஸ்பேஸ் எச்டிடிபி என்று தொடங்குவதால் அதை முகவரி என்று நினைப்பது முதல் தவறு. அது வெறும் பெயர். அங்கே எந்தக் கோப்பும் இருக்க வேண்டியதில்லை. இடத்தைச் சொல்வது ஸ்கீமாலொகேஷன் அட்ரிபியூட். அதில் நேம்ஸ்பேஸும் இடமும் ஜோடியாக, நடுவே இடைவெளி விட்டு வரும். ஃபோல்டர் பெயரில் ஒரு இடைவெளி இருந்தாலே ஜோடி குலைந்துவிடும். அங்கே %20 போட வேண்டும். இன்னொன்று, ஸ்கீமாலொகேஷன் ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை. வேலிடேட்டர் அதைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். எக்ஸ்எம்எல்லின்ட் கருவியில் ஸ்கீமாவை நாமேதான் கமாண்டில் கொடுக்க வேண்டும்.

ஸ்கீமாவைப் போன்ற பழைய வகை விதிக் கோப்புதான் டிடிடி. கோப்பின் தொடக்கத்தில் வரும் டாக்டைப் வரியில் டிடிடியின் பெயர் மட்டும் இருந்தால், அது எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து தேடப்படும். நீங்கள் கமாண்ட் அடிக்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல. அதே கோப்பை ஜாவாவில் ஸ்ட்ரீமாகக் கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்பதே கோப்பைப் படிக்கும் பார்ஸருக்குத் தெரியாது. லேப்டாப்பில் ஓடியது சர்வரில் விழுவது இப்படித்தான். சிஸ்டம் ஐடியை, அதாவது கோப்பின் முகவரியை, சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் டிடிடியை இணையத்திலிருந்து இழுப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. ஒரு நாளில் 13 கோடி வரை இப்படிக் கோரிக்கைகள் வருவதாக இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2008-இல் புலம்பியது. அப்புறம் பதிலையே வேண்டுமென்றே தாமதமாக அனுப்ப ஆரம்பித்தது. உங்கள் மென்பொருள் பில்ட் காரணமில்லாமல் தாமதமானால் இதையும் சந்தேகப்படுங்கள். டிடிடியை இறக்கி வைத்து, அந்த முகவரி கேட்கப்பட்டால் இந்த உள்ளூர்க் கோப்பைக் கொடு என்று ஒரு எக்ஸ்எம்எல் கேட்டலாகில் எழுதிவிடுங்கள். ஆனால் முதன்மைக் கோப்பை மட்டும் இறக்கினால் போதாது. வலைப்பக்கங்களுக்கான எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 டிடிடி, சிறப்பு எழுத்துகளுக்குப் பெயர் தரும் மேலும் மூன்று என்டிட்டி கோப்புகளை இழுக்கும். அவையும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க, எக்ஸ்எம்எல்லின்ட்டை நோநெட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும்.

வெளியாள் அனுப்பும் கோப்பு என்றால் விஷயமே வேறு. அதில் சொல்லப்பட்ட இடத்துக்கெல்லாம் பார்ஸர் போனால், வேறு கோப்பை உள்ளே இழுக்கும் வெளி என்டிட்டி வழியாக உங்கள் சர்வரின் பாஸ்வேர்டு கோப்பைக்கூடப் படிக்க வைக்கலாம். அங்கே டாக்டைப்பையே மறுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் ஸ்கீமாவை வைத்து மட்டும் சரிபாருங்கள்.