காகம் உண்மையில் தண்ணீர் குடித்திருக்குமா? கதை வழி அறிவியலில் தவிர்க்க வேண்டியவை

கதையோடு தொடங்கினால் அறிவியல் வகுப்பு கலகலப்பாகிவிடும், சரி. ஆனால் கதை முடிந்த கையோடு விடையையும் நாமே சொல்லிவிடுகிறோமே, அங்கேதான் பாடம் செத்துப்போகிறது.

தாகமெடுத்த காகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைப் போட்டால் தண்ணீர் மேலே வரும் என்று கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவார்கள். செய்து பார்க்காமல் இந்தக் கதையை அறிவியல் வகுப்பில் தொடவே கூடாது என்பேன். கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் விட்டுக் கூழாங்கற்களைப் போட்டால், தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். கால் பங்கு மட்டும் விட்டுப் பாருங்கள். கல் வாய்வரை நிரம்பிவிடும். தண்ணீரோ பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். ஒரே அளவுக் கற்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் காலி இடம் இருக்கிறது, தண்ணீர் அந்தச் சந்துகளில் தங்கிவிடுகிறது. ஆக, பானையின் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது என்றால் காகம் ஏமாந்துதான் போயிருக்கும்! இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மணலைப் போட்டால், சின்னதும் பெரியதுமாகக் கலந்து போட்டால் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். அப்புறம் 2009இல் வெளிவந்த ஆய்வைச் சொல்லலாம்: காக இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள், செங்குத்தான ஒரு குழாய்க்குள் இருந்த தண்ணீரில் மிதந்த புழுவை எடுக்கக் கற்களைப் போட்டன, பெரிய கல்லாகப் பார்த்து எடுக்கவும் சீக்கிரமே கற்றுக்கொண்டன. கதையின் நீதியைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.

புத்தகத்தில் அச்சானதெல்லாம் சரி என்று நம்புவது இன்னொரு தவறு. எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட, பசி அடங்காத புழுவின் கதையில் புழு கேக் தின்கிறது, கூடு கட்டுகிறது, வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது. கேக் விளையாட்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியும், கூட்டை நம்பிவிடுவார்கள். பட்டு நூலால் கூடு பின்னுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வேலை. இதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ இருக்கும் புழுவைக் காற்றுப் போகும் பாட்டிலில் ஒரு குச்சியோடு விட்டு, தினமும் அதே செடியின் இலையைக் கொடுத்து வளர்க்கலாம். சுற்றிலும் கூடு எதுவும் வராது. இடுப்பில் ஒற்றை நூலைக் கட்டிக்கொண்டு, தோலை உரித்துவிட்டுப் புழுவே கூட்டுப்புழுவாகிவிடும், பெயரில் மட்டும்தான் கூடு. புத்தகப் படத்தைப் பக்கத்தில் வைத்து, எது சரி என்று கேளுங்கள்.

சுறுசுறுப்பான எறும்பை 'அண்ணன்' ஆக்கும் கதைகளும் உண்டு. வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள். சும்மா பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் பெண் பிள்ளைகள் பக்கம் எழும் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.