கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நடக்க விரும்பும் புதியவர்களுக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களுக்கு வேலை அனுமதியிலோ திருமணமாகியோ வந்து சேரும் தமிழ்நாட்டவரும் இலங்கையரும் முதல் சில வாரங்களிலேயே சொல்லும் குறை, இங்கே காலார நடக்க இடமே இல்லை என்பதுதான். அதை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. கடைத்தெருவில் நடைபாதையின் உயரம் கடைக்குக் கடை மாறுகிறது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வாசலை விட்டு இறங்கியதுமே கார்கள். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் லோரிகளுக்கு நடுவே நடப்பதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சாலையை விட்டுச் சற்று விலகினால், முதியவர்களும் சிறுவர்களும் சிரமமின்றி நடக்கக்கூடிய செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பாதைகளும், ஆற்றுமுகத்தில் ஒரு சிறு குன்றும் அதன் அடியில் ஒரு காடும், வடக்கே நெல்வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் கால்வாய்க் கரைகளும் இருக்கின்றன.

நம் ஊரில் வயல் வரப்பில் நடந்து போகிறவரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. இங்கே அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் உடைமையாளரும், அந்தப் பாதையில் வேலை நடக்கும் நேரமும் உண்டு. அவ்விரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுகிறவருக்குப் பெரும்பாலும் எந்தத் தடையும் வருவதில்லை.

பெரும்பாலோரின் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது தோட்டம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டத்துரை. நூறாண்டு கடந்த பின்னும் இந்த மாவட்டத்தின் உட்பகுதியில் எங்கு திரும்பினாலும் செம்பனைதான். ஆனால் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த நம் குடும்பங்களில் பெரும்பகுதி தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்று குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் அதிகம். தமிழர் தோட்டம்தானே என்ற உரிமையோடு யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தோட்டத்து மண் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தமானது. நுழைவாயில் பலகையில் ‘தானா பெர்செண்டிரியான்’ என்றோ ‘டிலாராங் மாசோக்’ என்றோ எழுதியிருந்தால், அது தனியார் நிலம், அனுமதியின்றி நுழையக் கூடாது. அத்தகைய இடத்தில் காவலாளியிடமோ தோட்ட அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதே முறை. தமிழ்ப் பெரியவராக இருந்தால் ‘ஐயா’ என்றோ ‘அண்ணே’ என்றோ அழைத்துக் கேளுங்கள். மலாய்க்காரப் பெரியவராக இருந்தால் ‘பாக்சிக், போலே லாலு?’ (மாமா, இவ்வழியே போகலாமா?) என்ற கேள்வியே போதும். பல தோட்டங்களில் லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் சந்நிதியோ இடம்பெயராமல் நிற்கிறது. கோயிலுக்குப் போகும் பாதையைப் பொதுவாக யாரும் மறிப்பதில்லை. ஆகவே புதிதாக வந்தவர், வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்கு வரும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து, கோயில் வரை நடந்து திரும்புவதே மிக எளிதான தொடக்கம்.

உள்ளே நடக்கும்போது கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது, உதிர்ந்த பழம். மரத்தடியில் செக்கச்செவேலென்று சிதறிக் கிடக்கும் செம்பனைப் பழங்கள் பார்ப்பதற்குக் கேட்பாரற்றவை போலத் தோன்றும். ஆனால் அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதற்கென்றே ஆட்கள் கூலி வாங்குகிறார்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் உள்ளவை அந்த உதிரிப் பழங்களே என்பதால் பழத்திருட்டு இங்கே உண்மையான குற்றமாகவே நடத்தப்படுகிறது. குழந்தை விளையாட்டாக நான்கு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டாலும் வெளியேறும் வாயிலில் விளக்கம் சொல்லும் நிலை வரலாம். அக்கம்பக்கத்துப் பழத்தோப்பில் விழுந்து கிடக்கும் டுரியானுக்கும் இதே விதி பொருந்தும்.

அடுத்தது, வழி தவறுதல். செம்பனை மரங்கள் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் ஒரே ஒழுங்கில் நடப்பட்டவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நிரை, அடிமரத்தில் அதே பெரணிச் செடி, இரண்டு நிரைகளுக்கு நடுவே அடுக்கி வைத்த அதே காய்ந்த மட்டை. வயதான மரங்களின் மட்டைகள் மேலே ஒன்றோடொன்று மூடிக்கொள்வதால் சூரியனை வைத்தும் திசை பிடிபடாது. ஆனால் தோட்டத்தைப் பிரித்திருக்கும் பிளாக்குகளின் மூலையில் எண்ணும் நடவு ஆண்டும் பரப்பளவும் எழுதிய சிறு பலகைகள் நட்டிருப்பார்கள். திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் அந்தப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் வந்த வழியே திரும்பலாம். பாதையை விட்டு நிரைகளுக்குள் இறங்க வேண்டாம். எலிகளைப் பிடிக்க ஆந்தைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்துப் பழக்கும் தோட்டங்களிலும் எலியைத் தேடி நாகம் வரத்தான் செய்கிறது.

வேலை நேரம் விடியலிலேயே தொடங்கி மதியத்துக்குப் பின் ஓய்கிறது. நீண்ட தொரட்டியால் வெட்டப்படும் குலை 20 கிலோவுக்கு மேல் இருப்பதும் உண்டு. அது விழும்போது கூடவே மட்டையும் விழும். ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கும் நிரைக்கு அருகே நிற்காதீர்கள். முதுகில் தொட்டியைக் கட்டிக் களைக்கொல்லி தெளிக்கும் ஆட்களைக் கண்டால் அன்றைக்கு வேறு பாதையைப் பாருங்கள். ஞாயிறு காலையே நடப்பதற்கு உகந்தது.

அனுமதி கேட்கும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு புக்கிட் மெலாவத்தி இருக்கிறது. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இருந்த குன்று இது. 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907இல் கட்டப்பட்டது. பெரிய மரங்களின் நிழலில் வளைந்து ஏறும் தார்ச்சாலையில் மூட்டு வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். வார இறுதியில் ட்ராமும் கூட்டமும் இருக்கும் என்பதால் அமைதியாக நடக்க வேலைநாள் காலையே சிறந்தது.

இக்குன்றின் குரங்குகள் இரு வகை. லோத்தோங் எனப்படும் வெள்ளிநிற இலைக்குரங்கு சாதுவானது. அதன் உடல் கருஞ்சாம்பல் நிறம். மார்பில் தொங்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். வேறு இனத்துக் குட்டியோ என்று புதியவர்கள் திகைப்பது வழக்கம். சில மாதங்களில் குட்டியின் நிறமும் கறுத்துவிடும். நீண்ட வாலுள்ள மற்றக் குரங்கு அப்படியன்று. அதன் பார்வை உங்கள் கையிலுள்ள பிளாஸ்டிக் பை மீதுதான் இருக்கும். பயற்றங்காய் வாங்கிக் கொடுத்துப் படமெடுப்பது இங்கே ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இலை தின்று வாழும் பிராணிக்குக் கண்டதையும் ஊட்டிவிட்டுப் பிறகு அது தோளில் ஏறுகிறது என்று அலறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

குன்றின் அடிவாரத்தில் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா உள்ளது. மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987இல் உருவான இப்பூங்காவில் மண்பாதை, ஏரி, பறவை பார்க்கும் மறைவிடங்கள், அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் பலகைப் பாதை ஆகியவை உள்ளன. பலகைப் பாதை பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதால் நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சேற்றுக்கு மேல் பல காட்சிகள் கிடைக்கும்: ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பருத்த சிறு ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி அழைக்கும், துடுப்பை ஊன்றி நடக்கும் சேற்றுமீன் வேரின் மீது ஏறிக் கண்ணை உருட்டும். கொசு மிக அதிகம். நீளமான கால்சட்டையும் கொசு மருந்தும் இல்லாமல் அங்கே நிற்க முடியாது. (திரும்பி ஊருக்குள் வரும்போது கடைவீட்டு மாடிகளிலிருந்து ஓயாமல் கேட்கும் கீச்சொலியில் பெரும்பகுதி, கூடு கட்டும் உழவாரக் குருவிகளை ஈர்ப்பதற்காக ஒலிபெருக்கியில் ஓட விடும் பதிவு.)

கால்வாய்க் கரை நடைக்குத் தஞ்சோங் காராங் தொடங்கி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வடக்கே உள்ள செகிஞ்சான் வரை போகலாம். பெர்னாம் ஆற்றின் தண்ணீரைத் தெங்கி ஆற்றின் வழியாகத் திருப்பி, பெருங்கால்வாயில் விட்டு, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிக்கும் இந்தப் பாசனத் திட்டம் 1930களில் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்தவர்களுக்கு ஊர் நினைவு வந்துவிடும் என்றாலும், கால்வாய்கள் கோடு போட்டதுபோல் நேராகவும், வாய்க்கால்கள் எண்ணிட்டும் இருப்பது புதிதாகத் தோன்றும். கரைப்பாதை சமதளம், நிழல் அறவே கிடையாது. காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு தொடங்குங்கள். ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும்.

கரையில் மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் வரும். அவர்களுக்கு அது வேலைக்குப் போகும் வழியாகையால் ஒதுங்கி வழிவிடுவது நம் பொறுப்பு. தூண்டில்காரர்களின் முதுகுப்பக்கம் போகும்போது குரல் கொடுத்துவிட்டுக் கடக்க வேண்டும், வீசும் தூண்டில் பின்னால் வருகிறவரைப் பார்ப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நெல் தண்டிலும் சிமெண்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கும் ரோஜா நிற மணிக்கொத்து, நெற்பயிரை அழிக்கும் தங்க நத்தையின் முட்டை. பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இந்நாட்டில் உண்டு என்பதால் காலில் புண் உள்ளவர்கள் வாய்க்காலில் இறங்கக் கூடாது. ஆற்றுமுகங்களில் முதலையும் உண்டு. அறுவடை முடிந்த பின் வைக்கோல் எரிக்கும் நாட்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

புகைமூட்டக் காலத்தில் ‘ஐபியு’ எனப்படும் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று நடையை நிறுத்திவிடுங்கள். பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்கத் தொடங்கினால் திறந்த வயல்வெளியிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் வண்டிக்குத் திரும்புங்கள். வெளிநாட்டவர் கடப்பிதழையும் அனுமதி அட்டையையும் உடன் வைத்திருக்க வேண்டும், காலை நடைக்கும் இது பொருந்தும். அவசர உதவிக்கு 999ஐ அழைக்கும்போது ‘செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தின் பெயரையும் அருகிலுள்ள பலகையின் பிளாக் எண்ணையும், கால்வாய்க் கரையானால் அந்த வாய்க்காலின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.