டோக்கியோ டு லாஸ் ஏஞ்சல்ஸ்: விமான நேரத்தை நாமே கணக்குப் போடலாம்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டோக்கியோவில் விமானம் ஏறினால், அதே சனிக்கிழமை காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கலாம். டிக்கெட்டில் அச்சுப்பிழை என்று பதற வேண்டாம், கணக்கு சரிதான். ஒரு பூகோள உருண்டை, கொஞ்சம் நூல், ஒரு ஸ்கேல் போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பதால் பசிபிக்கின் குறுக்கே நேராகக் கோடு போடத்தான் கை போகும், அப்படி ஒரே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு போனால் சுமார் 9,300 கி.மீ. ஆகும். இப்போது உருண்டையில் நூலின் ஒரு முனையை டோக்கியோவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை லாஸ் ஏஞ்சல்ஸ் வரை விறைப்பாக இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். அதுதான் குறுக்குவழி.

உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆக, ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. நூலை அளந்தால் 20.7 செ.மீ. வரும், பெருக்கினால் 8,800 கி.மீ. ஒரு நூலுக்கு இது போதாதா!

அடுத்து நேரம். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 9.8 மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க என்று அரை மணி சேருங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள், காற்றை மறந்துவிடுவார்கள். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. 1920களிலேயே ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டு இதைக் கண்டுபிடித்தார், ஆனால் மனிதர் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார், அதனால் வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. சரி, காற்றுக்கு 100 கி.மீ. வையுங்கள். போகும்போது கூட்டி 1,000, திரும்பும்போது கழித்து 800. அரை மணியையும் சேர்த்தால் போக 9.3 மணி, வர 11.5 மணி. விமான நிறுவனங்கள் தாமதத்துக்கும் இடம் விட்டு, ஏறக்குறைய 10 மணி, 12 மணி என்று அட்டவணை போடுகின்றன.

கடைசியாகக் கடிகாரம். குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் (மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை லாஸ் ஏஞ்சல்ஸில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் 16). மாலை 5 மணியோடு 10 மணி கூட்டினால் டோக்கியோவில் ஞாயிறு அதிகாலை 3, அதில் 17 கழித்தால் சனி காலை 10. திரும்பும்போது சனி நண்பகல் கிளம்பினால் 12 மணி பயணம், 17 கூட்டல், ஞாயிறு மாலை 5 ஆகிவிடும். அதனால் டோக்கியோவில் ஹோட்டல் அறையை ஞாயிறு இரவிலிருந்து போடுங்கள், சனி இரவுக்குப் போட்டால் காசு தண்டம்.