அடைப்பு எடுக்கப் போய் குழாயைக் கெடுக்காதீர்கள்

பிளம்பிங் வேலை பழக வரும் பையன்களும் சரி, வீட்டில் தாங்களே முயன்று பார்ப்பவர்களும் சரி, நாங்களெல்லாம் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சிங்க்கில் எண்ணெய் ஊற்றாதே, முடியைத் தள்ளிவிடாதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

தேங்கிய நீரில் மருந்து கொட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். தண்ணீர் இறங்கவில்லை என்றதும் ஒரு பாக்கெட் காஸ்டிக் சோடாவைக் கொட்டிவிடுகிறார்கள். தேங்கிய நீரிலேயே அது நீர்த்துப்போகும். அடைப்பு வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான். கரையாத மிச்சம் டிராப்பின், அதாவது சிங்க்குக்குக் கீழே இருக்கும் வளைவுக் குழாயின், அடியில் கல்லாக இறுகிவிடும். கரையும்போது வரும் சூடு வேறு. சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும்.

ஒரு வீட்டில் காலையில் சோடா, அதற்கும் அசையவில்லை என்று நாங்கள் போவதற்குச் சற்று முன் ஆசிட். போனில் 'அடைப்பு' என்று மட்டும்தான் சொன்னார்கள். என்னோடு வந்த பையன் நட்டைத் தளர்த்தியதும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது சீறிக்கொண்டு வந்தது. கையுறை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது, முன்கையில் தெறித்தது. வெகுநேரம் தண்ணீரில் காட்டிக்கொண்டே நின்றான். சுவருக்குள் போகும் வளைவு தொய்ந்து போயிருந்ததால் டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே அடைத்திருந்தது என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடி. அதை எந்தச் சோடா கரைக்கும்?

முதலில் நீரை மொண்டு எடுங்கள். டிராப்புக்குக் கீழே வாளி வைத்துக் கழற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேயே கையில் சிக்கிவிடும். ஏற்கெனவே மருந்து ஊற்றிவிட்டீர்களா? பிளஞ்சரை, அதாவது அடைப்பை அமுக்கி எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை, தொடாதீர்கள், முகத்தில் தெறிக்கும். வேலைக்கு வருபவரிடம் என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

பிளஞ்சரை வறட்டு வறட்டென்று அமுக்குவது

ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும். வாஷ்பேசினின் மேல்பக்கத்தில் இருக்கும் துளையை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தமெல்லாம் அந்த வழியாகப் போய்விடும். அப்புறம், அமுக்குவதில் காட்டும் வேகத்தை இழுப்பதிலும் காட்டுங்கள்.

இரும்புக் கம்பியால் குத்துவது

வேண்டாம். குழாய் ஓட்டையாகும்.

வளைவை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவது

டிராப்பின் வளைவில் நிற்கும் அந்த நீர்தான் சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது.

பொங்கும் இடத்தையே நோண்டுவது

கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால் குளிக்கும் இடத்தில் குமிழி வருகிறதா? அடைப்பு அங்கே இல்லை, எல்லாக் கழிவுநீரும் சேர்ந்து வெளியே போகும் மெயின் லைனில். வீட்டிலேயே தாழ்வான வாய் எதுவோ அதில்தான் முதலில் நீர் ஏறும். வெளியே தரையில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின், அதாவது சேம்பரின், மூடியைத் திறங்கள். நிரம்பியிருந்தால் அடைப்பு அதைத் தாண்டி இருக்கிறது; காலியாக இருந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில். எடுத்து முடிக்கும்வரை மாடியில் யாரும் குளிக்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் இறங்கியதும் கிளம்பிவிடுவது

சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். கழற்றி மாட்டிய இணைப்பைச் சுற்றிக் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வாஷர் சரியாக உட்காரவில்லை, மறுபடி கழற்றுங்கள்.